அப்டேட் செய்ததும் குரல் போய்விட்டதா? எஸ்.டி.ஆர். மென்பொருளில் டிஜிட்டல் பேச்சை மீட்க ஒரு முழுமையான வழிகாட்டி

நேற்று வரை டி.எம்.ஆர். என்ற டிஜிட்டல் குரல் முறையில் இயங்கும் ரிப்பீட்டரில் நடக்கும் பேச்சு கணீரென்று கேட்டது. ரேடியோ மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றினீர்கள். வாட்டர்ஃபாலில் சிக்னல் பளிச்சென்று தெரிகிறது. பேசுபவரின் அடையாள எண்கூடத் திரையில் ஓடுகிறது. குரலை மட்டும் காணோம். பிழைச் செய்தி என்று ஒன்றும் வரவில்லை.

எஸ்.டி.ஆர். எனப்படும் மென்பொருள் ரேடியோவைப் பயன்படுத்துகிறவர்கள் அடிக்கடி சந்திக்கும் சிக்கல் இது. பலரும் உடனே ஆன்டெனாவைத் திருப்பிப் பார்ப்பார்கள், கெயினைக் கூட்டுவார்கள், கடைசியில் டாங்கிளே பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டுவார்கள். பெரும்பாலும் அங்கே பழுது எதுவும் இருக்காது. குரலை விரித்துத் தரும் சிறிய லைப்ரரி ஒன்று புதிய பதிப்போடு சேர்ந்து வராமல் போயிருக்கும். அது வராததற்குக் காரணம் தொழில்நுட்பம் அல்ல, காப்புரிமை.

சிக்னல் எங்கே நிற்கிறது என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால் தீர்வு தானாகப் பிடிபடும். எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

## இந்த வழிகாட்டி யாருக்கு?

ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். போன்ற விலை குறைந்த யூ.எஸ்.பி. டாங்கிளை வைத்துக்கொண்டு விண்டோஸிலோ லினக்ஸிலோ டிஜிட்டல் பேச்சைக் கேட்கிற தொடக்க நிலையினருக்கு. எடுத்துக்காட்டாக மூன்று மென்பொருள்களைப் பயன்படுத்துகிறேன்: எஸ்.டி.ஆர்.ஏஞ்சல், எஸ்.டி.ஆர்.ட்ரங்க், எஸ்.டி.ஆர்.ஷார்ப்புடன் இணைத்து ஓட்டும் டி.எஸ்.டி.பிளஸ். வேறு மென்பொருள் வைத்திருந்தாலும் தேடும் முறை ஒன்றுதான்.

தொடங்கும் முன் சட்டம் பற்றி ஒரு வார்த்தை. அனுமதியின்றிப் பிறருடைய செய்தியை இடைமறிப்பதை இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டம் குற்றமாக்குகிறது. எனவே சோதனைகளை ஹாம் ரேடியோ பட்டைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தியாவில் அவை 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையும், 434 முதல் 438 மெகாஹெர்ட்ஸ் வரையும் உள்ளன. வேறு நாட்டில் இருப்பவர்கள் அந்த நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

## முதலில் புரிந்துகொள்ள வேண்டியது: குரல் கடந்து வரும் ஐந்து கட்டங்கள்

டிஜிட்டல் பேச்சு ஆன்டெனாவிலிருந்து உங்கள் காதுக்கு வருவதற்குள் ஐந்து கட்டங்களைக் கடக்கிறது.

1. டாங்கிள்: ரேடியோ அலையை எண்களாக மாற்றிக் கணினிக்கு அனுப்புகிறது.
2. டிமாடுலேட்டர்: அந்த எண்களிலிருந்து அலைவரிசையின் ஏற்ற இறக்கத்தைப் பிரிக்கிறது.
3. சிங்க்: ஏற்ற இறக்கத்தைப் பிட்டுகளாக்கி, ஃபிரேம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்கிறது.
4. வோகோடர்: ஃபிரேமில் சுருங்கிக் கிடக்கும் குரலை மீண்டும் ஒலியாக விரிக்கிறது.
5. ஒலி வெளியீடு: விரித்த ஒலியை ஸ்பீக்கருக்குக் கொண்டுபோகிறது.

டி.எம்.ஆரை எடுத்துக்கொண்டு உள்ளே கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம். 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே சேனலில் இரண்டு பேச்சுகள் மாறி மாறிப் போகின்றன. ஒவ்வொன்றுக்கும் 30 மில்லிசெகண்ட் நீளமுள்ள ஸ்லாட். நொடிக்கு 4,800 குறிகள். ஒவ்வொரு குறியும் நான்கு விலகல்களில் ஒன்றாக இருக்கும்: மையத்திலிருந்து மேலே 648 அல்லது 1,944 ஹெர்ட்ஸ், கீழே அதே 648 அல்லது 1,944 ஹெர்ட்ஸ். ஒரு குறிக்கு இரண்டு பிட்டுகள் என்பதால் நொடிக்கு 9,600 பிட்டுகள் கிடைக்கின்றன.

ஒவ்வொரு 20 மில்லிசெகண்ட் பேச்சும் 72 பிட்டுகளாகப் பயணம் செய்கிறது. அதில் குரலுக்கு உரியவை 49 பிட்டுகள்தான். மிச்சம் 23-ம் வழியில் ஏற்படும் பிழையைத் திருத்துவதற்கு. கணக்குப் போட்டால் நொடிக்கு 2,450 பிட்டுகளில் ஒரு மனிதக் குரல் அடங்கிவிடுகிறது. சாதாரண டிஜிட்டல் தொலைபேசி இணைப்பில் அதே குரலுக்கு 64,000 பிட்டுகள் தேவைப்பட்டன. இவ்வளவு கடுமையாகச் சுருக்கியதை விரிக்க, சுருக்கிய அதே முறையை அறிந்த வோகோடர் வேண்டும். அது இல்லாவிட்டால் அந்த 49 பிட்டுகளும் வெறும் பிட்டுகள்தான்.

அடையாள எண் திரையில் தெரிந்தும் குரல் வராததன் ரகசியம் இதுதான். எண், ஸ்லாட், அழைப்பின் வகை எல்லாம் மூன்றாம் கட்டத்திலேயே கிடைத்துவிடும். குரல் நான்காம் கட்டத்தைத் தாண்டினால்தான் வரும். கடிதம் வந்தது, உறையையும் பிரித்தாயிற்று, விலாசம் தெரிகிறது; உள்ளே இருக்கும் மொழியைப் படித்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

## குரல் லைப்ரரி ஏன் தனியாக இருக்கிறது?

டி.எம்.ஆர்., டி-ஸ்டார், யேசு நிறுவனத்தின் சிஸ்டம் ஃப்யூஷன், என்.எக்ஸ்.டி.என்., அமெரிக்கக் காவல், தீயணைப்புத் துறைகள் பயன்படுத்தும் பி25 ஆகிய எல்லாவற்றிலும் குரலைச் சுருக்குவது ஒரே குடும்பத்தைச் சேர்ந்த வோகோடர்கள். ஐ.எம்.பி.இ., ஏ.எம்.பி.இ. என்பவை அவற்றின் பெயர்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த டி.வி.எஸ்.ஐ. நிறுவனம் உருவாக்கியவை இவை. காப்புரிமையும் அந்நிறுவனத்திடமே இருந்தது. முறையாக வேண்டுமென்றால் அவர்களிடம் உரிமம் வாங்க வேண்டும், அல்லது அவர்களுடைய சில்லு பொருத்திய கருவியை வாங்க வேண்டும். ஏ.எம்.பி.இ.-3000 என்ற சில்லைக் கொண்ட யூ.எஸ்.பி. குச்சிகள் இந்த வேலைக்காகவே விற்கப்படுகின்றன.

இதற்கு மாற்றாக ஆர்வலர்கள் எழுதியவை எம்பிலிப், ஜேஎம்பிஇ போன்ற திறந்த லைப்ரரிகள். காப்புரிமைச் சிக்கலுக்கு அஞ்சி அவற்றை மூலநிரலாக மட்டுமே தருகிறார்கள். உங்கள் கணினியில் நீங்களே கம்பைல் செய்துகொள்ள வேண்டும். இதே அச்சத்தால் ரேடியோ மென்பொருளைத் தொகுத்துத் தருகிறவர்களிலும் சிலர் குரல் லைப்ரரியை விட்டுவிட்டே தொகுப்பார்கள். சிலர் சேர்ப்பார்கள்.

நீங்கள் முன்பு வைத்திருந்தது லைப்ரரியோடு தொகுத்த பதிப்பாகவும், புதிதாக இறங்கியது லைப்ரரி இல்லாமல் தொகுத்த பதிப்பாகவும் இருக்கலாம். முன்பு நீங்களே கம்பைல் செய்த லைப்ரரியைப் புதிய பதிப்பு வேறோர் இடத்தில் தேடிக்கொண்டிருக்கலாம். இரண்டிலும் விளைவு மௌனம்தான்.

## தொடங்கும் முன் மூன்று வேலைகள்

முதலாவது, இப்போது இருக்கும் அமைப்புக் கோப்புகளை அப்படியே வேறொரு ஃபோல்டரில் நகலெடுங்கள். தேடும்போது எதையாவது மாற்றிவிட்டால் திரும்பி வர வழி இருக்கும்.

இரண்டாவது, பழைய பதிப்பு எண், புதிய பதிப்பு எண் இரண்டையும் குறித்துவையுங்கள். விண்டோஸோ உபுண்டுவோ அதே சமயத்தில் அப்டேட் ஆனதா என்பதையும் எழுதிவையுங்கள். ரேடியோ மென்பொருள்மீது போடும் பழி பல நேரம் இயங்குதளத்தைச் சேர வேண்டியது.

மூன்றாவது, முன்பு நன்றாகக் கேட்ட சிக்னலின் பழைய பதிவு ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் பாதி வேலை முடிந்தது. எஸ்.டி.ஆர்.ஏஞ்சலில் டாங்கிளுக்குப் பதிலாகப் பதிவுக் கோப்பையே உள்ளீடாகக் கொடுக்கலாம். எஸ்.டி.ஆர்.ட்ரங்கிலும் பதிவை ட்யூனர்போலச் சேர்க்கும் வசதி உண்டு. நேற்று பேசிய பதிவு இன்று பேசவில்லையென்றால் ஆன்டெனா, டாங்கிள், டிரைவர் மூன்றும் ஒரே வீச்சில் சந்தேகப் பட்டியலிலிருந்து நீங்கிவிடும்.

## படி 1: சாதாரண எஃப்.எம். கேட்கிறதா?

டிஜிட்டலை மறந்துவிட்டு உங்கள் ஊர் எஃப்.எம். வானொலியைத் திறங்கள். சென்னையில் இருந்தால் 101.4 மெகாஹெர்ட்ஸில் ரெயின்போ எஃப்.எம். இருக்கிறது. டிமாடுலேட்டரை அகலப் பட்டை எஃப்.எம்முக்கு மாற்றிக் கேளுங்கள்.

பாட்டு கேட்டால் டாங்கிள், டிரைவர், ஒலி வெளியீடு மூன்றும் சரி. நேராகப் படி 2-க்குப் போகலாம்.

சிக்னலே தெரியவில்லை, டாங்கிளையே காணோம் என்றால் டிரைவர் மாறியிருக்கிறது. விண்டோஸ் அப்டேட் சில சமயம் டாங்கிளை டி.வி. ட்யூனர் என்று எண்ணி அதற்கான டிரைவரைப் போட்டுவிடும். ஸாடிக் என்ற சிறு செயலியைத் திறந்து, எல்லாக் கருவிகளையும் காட்டச் சொல்லி, பல்க்-இன் இன்டர்ஃபேஸ் 0 என்பதைத் தேர்ந்தெடுத்து, வின்யூஎஸ்பி டிரைவரை மீண்டும் நிறுவுங்கள். பட்டியலில் கீபோர்டும் மவுஸும்கூட இருக்கும், அவற்றைத் தொட்டுவிடாதீர்கள்.

லினக்ஸிலும் இதே கதை உண்டு. கெர்னலின் டி.வி. டிரைவர் டாங்கிளை முந்திக்கொண்டு பிடித்துக்கொள்ளும். அந்த டிரைவரைத் தடைப்பட்டியலில் சேர்த்துக் கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். உங்களிடம் இருப்பது 2023-இல் வந்த ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். பிளாக் வி4 என்றால் இன்னொன்றையும் பாருங்கள். அதன் ட்யூனர் வேறு, அதற்குப் புதிய டிரைவர் வேண்டும். இயங்குதள அப்டேட் பழைய பொது டிரைவரை மீண்டும் கொண்டுவந்து வைத்துவிட்டால் டாங்கிள் பட்டியலில் தெரியும், ஆனால் சிக்னலைச் சரியாகப் பிடிக்காது.

## படி 2: அலைவரிசை நகர்ந்திருக்கிறதா?

அமைப்புக் கோப்பு புதிதாக எழுதப்பட்டால், டாங்கிளின் அலைவரிசைப் பிழையை ஈடுசெய்யும் பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) திருத்தம் பூஜ்ஜியத்துக்குப் போய்விடும். தொடக்க நிலையினர் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

கணக்கு எளிது. பழைய மலிவு டாங்கிளில் 50 பி.பி.எம். பிழை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 435 மெகாஹெர்ட்ஸில் அது 21,750 ஹெர்ட்ஸ். டி.எம்.ஆர். சேனலின் அகலமே 12,500 ஹெர்ட்ஸ்தான். நீங்கள் சரியான எண்ணைத் தட்டியிருந்தாலும் மென்பொருள் கேட்டுக்கொண்டிருப்பது பக்கத்துச் சேனலை. அகலமான எஃப்.எம். வானொலியில் இந்த விலகல் பெரிதாகத் தெரியாது. படி 1-இல் பாட்டு கேட்டதை வைத்து அலைவரிசையும் சரி என்று முடிவு கட்டக் கூடாது என்பது இதனால்தான்.

வாட்டர்ஃபாலைப் பெரிதாக்கி, சிக்னலின் நடுப்பகுதியும் உங்கள் ட்யூனிங் கோடும் ஒன்றின்மேல் ஒன்று விழுகிறதா என்று பாருங்கள். விலகியிருந்தால் பழைய பி.பி.எம். எண்ணை மீண்டும் இடுங்கள். வெப்பநிலைக்கு ஈடுகொடுக்கும் ஆஸிலேட்டர் உள்ள புதிய டாங்கிள்களில் பிழை 1 பி.பி.எம். அளவில்தான் இருக்கும். அதே அலைவரிசையில் அது 435 ஹெர்ட்ஸ். பெரிய தொல்லை தராது.

## படி 3: சிங்க் கிடைக்கிறதா?

நோயைக் கண்டுபிடிக்கும் இடம் இதுதான், அவசரம் வேண்டாம். யாராவது பேசும் நேரத்தில் மென்பொருள் காட்டும் நிலைவரியைப் பாருங்கள். டி.எம்.ஆர். என்ற வகைப் பெயர், ஸ்லாட் எண், பேசுபவரின் எண், குழு எண் ஆகியவை நிலையாக ஓடினால் சிங்க் கிடைத்துவிட்டது. படி 4-க்குப் போங்கள். ஒன்றும் வரவில்லை, அல்லது வந்து வந்து அறுந்துபோகிறது என்றால் கோளாறு வோகோடருக்கு முன்பே இருக்கிறது.

சிங்க் வராததற்கு வழக்கமான காரணங்கள் இவை:

- பேண்ட்விட்த் குறுகிவிட்டது. டி.எம்.ஆருக்கும் பி25-க்கும் 12.5 கிலோஹெர்ட்ஸ் வையுங்கள்.
- ஒலி ஃபில்டர் மீண்டும் இயங்கத் தொடங்கிவிட்டது. எஸ்.டி.ஆர்.ஷார்ப்பில் ஆடியோ ஃபில்டர் என்ற பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். மனிதக் காதுக்கு இதமாக இருக்க அந்த ஃபில்டர் வெட்டியெறியும் பகுதியில்தான் பிட்டுகள் இருக்கின்றன.
- ஸ்க்வெல்ச் உயர்ந்துவிட்டது. சோதிக்கும்போது அதை முழுக்கத் திறந்து வையுங்கள்.
- குறிவேகம் தவறாக இருக்கிறது. எஸ்.டி.ஆர்.ஏஞ்சலின் டி.எஸ்.டி. டிமாடுலேட்டரில் 2,400, 4,800 என இரண்டு வேகங்கள் உண்டு. டி.எம்.ஆர்., டி-ஸ்டார், சிஸ்டம் ஃப்யூஷன் மூன்றுக்கும் 4,800. 2,400 என்பது டி.பி.எம்.ஆருக்கும் குறுகிய வகை என்.எக்ஸ்.டி.என்னுக்கும் உரியது.
- உள்ளீட்டுக் கெயின் மிக அதிகம் அல்லது மிகக் குறைவு. நான்கு நிலைகளும் தனித்தனியாகப் பிரிந்து தெரியும்வரை மெல்ல மாற்றிப் பாருங்கள்.

## படி 4: எண் ஓடுகிறது, குரல் இல்லை — வோகோடரைப் பாருங்கள்

பெரும்பாலோருக்குத் தீர்வு கிடைப்பது இங்கேதான். மென்பொருளுக்கு ஏற்ப வழி மாறும்.

### எஸ்.டி.ஆர்.ட்ரங்க்

மூன்றில் இதுதான் எளிது. ஜாவாவில் எழுதிய மென்பொருள். குரலுக்கு ஜேஎம்பிஇ லைப்ரரி வேண்டும். அழைப்புகள் பட்டியலில் வரிசையாக வந்து, ஒலி மட்டும் வரவில்லையென்றால் யூசர் பிரிஃபரன்ஸஸ் பகுதியைத் திறந்து ஜேஎம்பிஇ லைப்ரரிக்கான பக்கத்துக்குப் போங்கள். லைப்ரரிக் கோப்பின் பாதை காலியாக இருக்கலாம், அல்லது நீங்கள் அழித்துவிட்ட பழைய ஃபோல்டரைக் காட்டிக்கொண்டிருக்கலாம். அதே பக்கத்தில் லைப்ரரியைப் புதிதாக உருவாக்கும் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் மூலநிரலை இறக்கி, உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்து, பாதையையும் தானே எழுதிக்கொள்ளும். இணைய இணைப்பு இருக்க வேண்டும். முடிந்ததும் மென்பொருளை மூடித் திறந்துவிடுங்கள்.

### எஸ்.டி.ஆர்.ஏஞ்சல்

இங்கே இரண்டு வேறு அறிகுறிகளைப் பிரித்தறிய வேண்டும். சேனல்களைச் சேர்க்கும் பட்டியலில் டி.எஸ்.டி. டிமாடுலேட்டரே இல்லையென்றால், உங்கள் பதிப்பு டி.எஸ்.டி.சி.சி. லைப்ரரி இல்லாமல் தொகுக்கப்பட்டிருக்கிறது. டிமாடுலேட்டர் இருக்கிறது, சிங்க் வருகிறது, குரல் மட்டும் இல்லையென்றால் விடுபட்டது எம்பிலிப்.

லினக்ஸில் உறுதிப்படுத்திக்கொள்ள எளிய வழி உண்டு. எஸ்.டி.ஆர்.ஏஞ்சலின் ப்ளக்-இன் ஃபோல்டரில் டி.எஸ்.டி. டிமாடுலேட்டருக்கு உரிய கோப்பைக் கண்டுபிடித்து, டெர்மினலில் எல்டிடி கட்டளையை அதன்மீது ஓட்டுங்கள். அந்தக் கோப்பு நம்பியிருக்கும் லைப்ரரிகளின் பட்டியல் வரும். குரல் லைப்ரரியின் வரியில் ‘நாட் ஃபவுண்ட்’ என்று இருந்தால் லைப்ரரி காணாமல் போயிருக்கிறது. வரியே இல்லையென்றால் தொகுக்கும்போதே அதைச் சேர்க்கவில்லை என்று பொருள்.

முதல் நிலைக்கு மருந்து சிறியது. எம்பிலிப்பை மீண்டும் நிறுவி, எல்டிகான்ஃபிக் கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஒரு முறை ஓட்டினால் போதும். இரண்டாம் நிலைக்குக் கம்பைல் செய்தாக வேண்டும். வரிசை முக்கியம்: முதலில் எம்பிலிப், அடுத்து டி.எஸ்.டி.சி.சி., கடைசியில் எஸ்.டி.ஆர்.ஏஞ்சல். டி.எஸ்.டி.சி.சி.யைக் கம்பைல் செய்யும்போது எம்பிலிப்பைப் பயன்படுத்தச் சொல்லும் விருப்பத்தை ஆன் செய்ய மறக்க வேண்டாம். பழைய பில்டு ஃபோல்டரை முழுக்க அழித்துவிட்டுத் தொடங்குங்கள். சிமேக் கருவி முந்தைய முடிவுகளை நினைவில் வைத்திருக்கும்; எம்பிலிப் இல்லை என்று ஒரு முறை எழுதிவைத்ததை, நீங்கள் நிறுவிய பிறகும் நம்பிக்கொண்டிருக்கும்.

ஏ.எம்.பி.இ. சில்லுள்ள யூ.எஸ்.பி. குச்சி வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பழைய பதிப்புகளில் அந்தக் கருவியை பிரிஃபரன்ஸஸ் மெனுவிலேயே தேர்ந்தெடுத்தோம். பின்னர் அது தனி ஃபீச்சராக மாறிவிட்டது. அந்த ஃபீச்சரைச் சேர்த்து, கருவியைத் தேர்ந்து, இயக்கினால்தான் குரல் வரும். லினக்ஸைப் புதிதாக நிறுவியிருந்தால் உங்கள் பயனர் பெயர் டயல்அவுட் குழுவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் சீரியல் கருவியைத் திறக்க அனுமதி கிடைக்காது.

இதே டிமாடுலேட்டரில் ஸ்லாட் 1, ஸ்லாட் 2 என இரண்டு பொத்தான்கள் உண்டு. பேச்சு நடப்பது இரண்டாம் ஸ்லாட்டில், உங்களிடம் ஆன் ஆகியிருப்பது முதல் ஸ்லாட் என்றால், லைப்ரரி இருந்தும் குரல் வராது. கம்பைல் செய்ய உட்காரும் முன் இரண்டையும் ஆன் செய்து பார்த்துவிடுங்கள்.

### எஸ்.டி.ஆர்.ஷார்ப்பும் டி.எஸ்.டி.பிளஸ்ஸும்

டி.எஸ்.டி.பிளஸ் குரல் விரிக்கும் வேலையைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஆகவே இங்கே லைப்ரரி காணாமல் போவது பொதுவாக நடப்பதில்லை. இரண்டு மென்பொருள்களுக்கும் இடையே ஒலியைக் கடத்தும் பாலம்தான் அறுந்துபோகும். அது அடுத்த படி.

## படி 5: ஒலி போகும் வழியைத் தொடர்ந்து பாருங்கள்

எஸ்.டி.ஆர்.ஷார்ப் தரும் ஒலியை டி.எஸ்.டி.பிளஸ் நேரடியாக எடுத்துக்கொள்வதில்லை. நடுவே விர்ச்சுவல் ஆடியோ கேபிள் ஒன்று இருக்கும். விண்டோஸ் பெரிய அப்டேட் ஏதும் வந்தால் மூன்று இடங்களில் கை வைக்கும்.

ஒன்று, மைக்ரோஃபோன் அனுமதி. விர்ச்சுவல் கேபிளின் மறுமுனையை விண்டோஸ் ஒரு மைக்ரோஃபோனாகவே கருதுகிறது. பிரைவசி அமைப்பில் மைக்ரோஃபோன் அனுமதி அணைந்திருந்தால் டி.எஸ்.டி.பிளஸ்ஸுக்கு வெறும் மௌனமே போய்ச் சேரும். டெஸ்க்டாப் செயலிகளுக்கான அனுமதி அந்தப் பக்கத்தின் கீழே தனியாக இருக்கும். அதையும் ஆன் செய்ய வேண்டும்.

இரண்டு, இயல்புநிலைக் கருவி. பதிவுக் கருவியாக வெப்கேமராவின் மைக்கோ, புளூடூத் ஹெட்செட்டோ வந்து உட்கார்ந்திருக்கும். அதை மீண்டும் விர்ச்சுவல் கேபிளுக்கு மாற்றுங்கள்.

மூன்று, மாதிரி வேகம். கேபிளின் இரு முனைகளிலும் 48,000 ஹெர்ட்ஸ் இருக்கட்டும். ஒலியை மெருகேற்றும் எல்லா எஃபெக்டுகளையும் அணையுங்கள்.

எஸ்.டி.ஆர்.ஏஞ்சலிலும் ட்ரங்கிலும் இவ்வளவு தொல்லை இல்லை. வெளியீட்டுக் கருவி எச்.டி.எம்.ஐ. மானிட்டருக்கு மாறிப்போயிருக்கிறதா, சேனலின் மியூட் பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

## படி 6: பழைய ப்ளக்-இன்னும் பழைய அமைப்புக் கோப்பும்

எஸ்.டி.ஆர்.ஷார்ப் மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்தில் ஓடுகிறது. மென்பொருள் டாட்நெட்டின் புதிய பதிப்புக்கு மாறும்போது, பழையதற்கு எழுதிய மூன்றாம் தரப்பு ப்ளக்-இன்கள் ஏற்றப்படாமல் போவதுண்டு. மெனுவில் உங்கள் டிகோடர் ப்ளக்-இன் பெயரே காணவில்லையென்றால் காரணம் அதுதான். அந்த ப்ளக்-இன்னுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் பழைய எஸ்.டி.ஆர்.ஷார்ப்பைத் தனி ஃபோல்டரில் வைத்துக்கொள்வதே வழி.

அமைப்புக் கோப்பும் தொல்லை தரும். பழைய பதிப்பு எழுதியதைப் புதியது பாதி புரிந்தும் பாதி புரியாமலும் படிக்கும். சோதிக்க, அமைப்புக் கோப்பின் பெயரை மாற்றிவிட்டு மென்பொருளைத் திறங்கள். அது வெற்று அமைப்போடு தொடங்கும். ஒரே ஒரு சேனலைக் கையால் அமைத்துப் பாருங்கள். குரல் வந்தால் குற்றவாளி பழைய கோப்பு.

## படி 7: பழைய பதிப்புக்குத் திரும்புங்கள்

ஆறு படிகளும் முடிந்து இன்னும் மௌனம் என்றால் பழைய பதிப்பை நிறுவிப் பாருங்கள். இது தோல்வி அல்ல, சோதனை. பழையதில் குரல் வந்தால் கோளாறு புதிய பதிப்பில் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். பழையதிலும் வரவில்லையென்றால் மாறியது வேறு ஏதோ ஒன்று: இயங்குதளம், டிரைவர், அல்லது நீங்கள் கேட்கும் சிக்னலே.

## சிக்னலே மாறியிருந்தால்?

நீங்கள் அப்டேட் செய்த அதே வாரத்தில் அந்தப் பக்கத்திலும் ஏதாவது மாறியிருக்கலாம். பேச்சைக் குறியாக்கம் செய்யத் தொடங்கியிருந்தால் எண்கள் தெரியும். குரல் வராது, அல்லது கரகரவென்று அர்த்தமற்ற சத்தம் வரும். அதை எந்த லைப்ரரியாலும் திறக்க முடியாது, திறக்க முயலவும் கூடாது. ஹாம் பட்டையில் பேச்சை மறைத்து அனுப்ப அனுமதி இல்லை என்பதால் அங்கே இந்தச் சந்தேகம் எழாது. சோதனைக்கு ஹாம் ரிப்பீட்டரைப் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரிப்பீட்டர் டி.எம்.ஆரிலிருந்து சிஸ்டம் ஃப்யூஷனுக்கோ டி-ஸ்டாருக்கோ மாறியிருக்கவும் வாய்ப்பு உண்டு. அதை நடத்தும் ஹாம் நண்பர்களைக் கேட்டால் ஒரே வரியில் பதில் கிடைத்துவிடும்.

## ஒரு பார்வையில்: அறிகுறியும் காரணமும்

- டாங்கிளே தெரியவில்லை: டிரைவர்.
- எஃப்.எம். கேட்கிறது, டிஜிட்டல் சிங்க் இல்லை: பி.பி.எம்., பேண்ட்விட்த், ஃபில்டர், குறிவேகம்.
- டிகோடரின் பெயரே மெனுவில் இல்லை: ப்ளக்-இன் பொருந்தவில்லை, அல்லது சேர்க்காமல் தொகுத்திருக்கிறார்கள்.
- எண்கள் ஓடுகின்றன, முழு மௌனம்: வோகோடர் லைப்ரரி, ஸ்லாட் பொத்தான், ஒலி வெளியீடு.
- எண்கள் ஓடுகின்றன, கரகரச் சத்தம்: குறியாக்கம், அல்லது பலவீனமான சிக்னல்.
- பழைய பதிப்பிலும் குரல் இல்லை: இயங்குதளம், அல்லது சிக்னலே மாறிவிட்டது.

## உதவி கேட்கும்போது எதைச் சொல்ல வேண்டும்?

“அப்டேட் பண்ணினேன், வேலை செய்யவில்லை” என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது. பழைய, புதிய பதிப்பு எண்கள், இயங்குதளம், டாங்கிளின் வகை, கேட்க முயன்ற முறை, சிங்க் வருகிறதா இல்லையா, லைப்ரரி எங்கே இருக்கிறது ஆகிய ஆறையும் சொல்லுங்கள். பதிவுக் கோப்பு இருந்தால் அதையும் கொடுங்கள். மென்பொருள் எழுதும் லாக் கோப்பில் லைப்ரரி பற்றிய வரி பெரும்பாலும் தொடக்கத்திலேயே இருக்கும். அந்த ஒரு வரியே பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

## அடுத்த அப்டேட்டுக்கு முன்

இந்தத் தொல்லைக்கு நிரந்தரத் தீர்வு திறந்த வோகோடர்தான். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டேவிட் ரோ உருவாக்கிய கோடெக்2 உரிமக் கட்டணம் ஏதும் இன்றி யார் வேண்டுமானாலும் மென்பொருளோடு சேர்த்துத் தரக்கூடியது. அதைக் கொண்டு ஹாம்கள் உருவாக்கிய எம்17 என்ற டிஜிட்டல் குரல் முறையில், லைப்ரரியைத் தனியே தேடி அலையும் வேலை இல்லை. ஆனால் காற்றில் இன்று அதிகம் ஓடுவது ஏ.எம்.பி.இ. வகைதான். அது இருக்கும்வரை ஒவ்வொரு அப்டேட்டிலும் இந்தச் சிக்கல் தலைகாட்டும்.

ஆகவே குரல் திரும்பக் கிடைத்த அன்றே நான்கை ஒரே ஃபோல்டரில் போட்டுவையுங்கள்: இப்போது வேலை செய்யும் மென்பொருளின் நிறுவல் கோப்பு, அமைப்புக் கோப்பு, நீங்கள் கம்பைல் செய்த குரல் லைப்ரரி, ஒரு நிமிடப் பதிவு. புதிய பதிப்பு வந்தால் பழையதன்மேல் நிறுவாமல் பக்கத்தில் தனி ஃபோல்டரில் நிறுவி, அந்தப் பதிவை முதலில் ஓட்டிப் பாருங்கள். பதிவு பேசிய பிறகே பழையதை நீக்குங்கள்.